பல்கலைக்கழகத்திலிருந்து நம் விவரம் கசிந்தால் சட்டப்படி என்ன செய்யலாம்? (கடலூர் / புதுச்சேரி)

முதுநகர்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நான் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவன். பெயர் வேண்டாம், நம் மாவட்டமும் இல்லை, புதுச்சேரியும் இல்லை, தமிழ்நாட்டில்தான். வீடு கடலூர் முதுநகர், வேலை புதுச்சேரியில், சம்பளக் கணக்கும் அங்கேதான்.

கொஞ்ச நாளாக "சான்றிதழ் பிரிவிலிருந்து பேசுகிறோம்" என்று போன் வருகிறது. பதிவு எண், அப்பா பெயர், சேர்ந்த வருடம், எந்தப் பாடத்தில் அரியர் வைத்து எப்போது எழுதினேன் என்பதுவரை ஒப்பிக்கிறார்கள். அந்த அரியர் விஷயம் என் வீட்டுக்கே தெரியாது. அப்புறம்தான் டெலிகிராமில் ஒரு எக்செல் கோப்பு சுற்றுகிறது என்று எங்கள் பேட்ச் குரூப்பில் சொன்னார்கள். என் பெயர் இருந்த வரியை என் கண்ணாலேயே பார்த்தேன். மொபைல் எண், ஆதார், சாதிச் சான்றிதழ் எண், உதவித்தொகைக்காகக் கொடுத்த வங்கிக் கணக்கு எண், எல்லாம் இருக்கிறது. கடைசியில் "ரிமார்க்ஸ்" என்று ஒரு கட்டம். அதில் ஆபீசில் யாரோ அடித்து வைத்தது: "ஃபாதர் எக்ஸ்பயர்டு, ஃபீஸ் டியூ". மற்றதைவிட அதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

எனக்குப் பணம் எதுவும் போகவில்லை. ஆனால் கூடப் படித்த பண்ருட்டித் தோழி ஒருவருக்கு "டிகிரி சர்டிபிகேட்" என்று வாட்ஸப்பில் வந்த ஏ.பி.கே. (செயலியை நிறுவும்) கோப்பு மூலமாக ராத்திரியோடு ராத்திரியாக 18,500 ரூபாய் போய்விட்டது. ஓ.டி.பி. எதையும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் காலையே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து பதிவு செய்துவிட்டார். ஆனால் எழுத்துப் புகாரோடு போனால், கடலூர் பக்கம் "அக்கவுன்ட் புதுச்சேரியில் இருக்கிறது, அங்கே போம்மா" என்கிறார்கள், எல்லையான முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி போனால் "வீடு தமிழ்நாட்டில்தானே" என்கிறார்கள். பேங்கில் "நீங்கதானே கிளிக் பண்ணீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். "பாதுகாப்பு காரணங்களுக்காகப் பாஸ்வேர்டை மாற்றவும்." போன் செய்தால் "சர்வர் மெயின்டனன்ஸ் சார்" என்று பதில்.

யார் மேல் புகார் கொடுப்பது? நஷ்ட ஈடு கேட்க முடியுமா? பணம் போகாத என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா? புதுச் சட்டத்தில் 250 கோடி அபராதம் என்கிறார்களே, அதில் நமக்கு என்ன கிடைக்கும்?


பாகூர்_ஏரி:

தம்பி, முதலில் ஒன்று. "பெயர் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அந்தக் கோப்பின் லிங்க்கை இங்கேயோ உங்கள் பேட்ச் குரூப்பிலேயோ தயவுசெய்து போடாதீர்கள். நல்ல மனசோடு செய்தாலும் பரப்பியவர் பட்டியலில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். உங்கள் வரி மட்டும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், சேனலின் முகவரி, பார்த்த தேதி நேரம், இவை போதும்.

ஆதார் வெளியே போயிருப்பதால் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை லாக் செய்துவிடுங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். கடன் அறிக்கை வருடத்துக்கு ஒரு முறை இலவசம், அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு உங்கள் பெயரில் யாராவது ஆப்பில் லோன் எடுத்தால் காட்ட உதவும். சட்டத்தை வக்கீல் சார் வந்து சொல்லட்டும்.


வில்லியனூர்_வக்கீல்:

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இதில் ஆளாளுக்கு அரைகுறையாகச் சொல்லிக் குழப்புகிறார்கள்.

அந்த 250 கோடி கதையை முதலில் முடித்துவிடுவோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் போதிய பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி வரை, கசிவைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லாமல் விட்டால் 200 கோடி வரை அபராதம் போடலாம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசு கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட அதில் கிடையாது, நஷ்ட ஈடு என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இல்லை. அது மட்டுமல்ல, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்கள் மேல் உள்ள கடமைகள், அபராதம் எல்லாம் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். இப்போது நடந்த கசிவுக்கு அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை.

இப்போது கையில் இருப்பது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதில் 43ஏ பிரிவு. முக்கியத் தனிநபர்த் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் நியாயமான பாதுகாப்பு வைக்காமல் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு இழப்பு வந்தால், அந்த நிறுவனமே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். நன்றாகக் கவனியுங்கள், புதுச் சட்டம் முழுதாக அமலுக்கு வரும் அன்று இந்த 43ஏ நீக்கப்படுகிறது. அதற்கு முன் நடந்த கசிவுக்கு உரிமை தொடரும் என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்தை நம்பி எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? பணம் கேட்கப் போகிறவர் இப்போதே போவதுதான் புத்திசாலித்தனம்.

சிக்கல் இரண்டு. ஒன்று, எது "முக்கியத் தகவல்" என்று இந்தச் சட்டத்தின் 2011 விதிகளில் பட்டியல் இருக்கிறது: பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு மற்றும் கார்டு விவரம், உடல் மன நலம், மருத்துவப் பதிவு, பயோமெட்ரிக் போன்றவை. பெயர், மொபைல், மதிப்பெண் எதுவும் அதில் இல்லை. சாதிச் சான்றிதழும் இல்லை. நம் நாட்டில் ஒருவருடைய சாதி விவரம் வெளியே போவது முக்கியமில்லை என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ! போகட்டும், உங்கள் கோப்பில் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. அது ஒன்றே உங்களை உள்ளே கொண்டுவந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டில் அந்தக் கட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, 43ஏ "பாடி கார்ப்பரேட்" மேல்தான் பாயும், அதாவது கம்பெனி, கூட்டு நிறுவனம், வணிக அல்லது தொழில்முறை வேலை செய்யும் அமைப்பு. டிரஸ்ட் நடத்தும் பல்கலைக்கழகம் "நாங்கள் வணிகம் செய்யவில்லை, கல்வி தருகிறோம்" என்று நிச்சயம் சொல்லும். அதற்காகத்தான் சொல்கிறேன், மாணவர் போர்ட்டலின் அடியில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பொடி எழுத்தில் "பவர்டு பை" என்று ஒரு மென்பொருள் கம்பெனி பெயர் இருக்கும். அந்தக் கம்பெனி தப்பிக்க முடியாது, அது சந்தேகமில்லாமல் பாடி கார்ப்பரேட். இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே படம் எடுங்கள், நோட்டீஸ் போனதும் முதலில் மறைவது அந்த வரிதான்.

இந்த மனு சிவில் கோர்ட்டில் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் இதற்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரி. 5 கோடி வரை கேட்கும் மனுக்களை அவர் விசாரிக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் இருப்பதால் சென்னையில் போடுவதுதான் நேர்வழி. மேல்முறையீடு டெல்லியில் டி.டி.சாட் எனும் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்கு. 2011 விதிகளிலேயே இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது: கசிவு நடந்துவிட்டால், எழுதி வைத்த பாதுகாப்புக் கொள்கைப்படி நடந்தோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. சர்வரில் எந்த ஓட்டை என்று நீங்கள் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் "இழப்பு" என்று காட்ட வேண்டும். அதனால் 43ஏ உங்கள் தோழிக்குப் பொருந்தும், உங்களுக்கு இப்போதைக்குக் கஷ்டம். உங்களுக்கு உள்ள வழி வேறு. உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட், அதாவது உரிமையைக் காக்க உத்தரவு கேட்கும் மனு. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். தனியார் பல்கலைக்கழகம் மேல் ரிட் வராது என்பார்கள், ஆனால் 2015-இல் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ரிட் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான், மதுரைக் கிளை இல்லை. ரிட்டில் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். என்ன கசிந்தது என்று எழுத்தில் சொல், பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் தெரிவி, பழைய மாணவர் விவரத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று விளக்கு, இப்படி உத்தரவு வாங்கலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சிலர் சொல்வார்கள். கல்வி நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையமே 2020-இல் மனு சோலங்கி வழக்கில் சொன்னது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பல்கலைக்கழகத்துக்கு எதிராக அங்கே போய் நேரத்தை விட வேண்டாம் என்பது என் கருத்து. பேங்க் மேல் என்றால் தாராளமாகப் போகலாம்.

போலீஸ் விஷயம்: முள்ளோடைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற கேள்வியே கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-இன்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். மின்னஞ்சலில்கூட அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியும் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66, 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.


நெல்லிக்குப்பம்_ரிட்டயர்டு:

வங்கியில் காலம் தள்ளியவள் என்ற முறையில் அந்தப் பெண்ணுக்காக ஒன்று சொல்கிறேன். "நீங்கதானே கிளிக் பண்ணீங்க" என்று கவுன்டரில் வாயால் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, தப்பு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறு எங்கோ நடந்திருக்கிறது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு பூஜ்யம். நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரைதான் அவர் தலையில் விழும். வாடிக்கையாளர் அலட்சியமாக இருந்தார் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. இந்தப் பெண் மறுநாள் காலையே சொல்லியிருக்கிறாள், ஓ.டி.பி.யும் கொடுக்கவில்லை. ஏ.பி.கே.யை நிறுவியதை வங்கி பிடித்துக்கொள்ளும், அது உண்மை. ஆனாலும் சண்டை போட இடம் இருக்கிறது.

ஒரு சந்தேகம், 1930-க்குச் சொன்னது சரி, வங்கிக்கு எழுத்தில் எப்போது கொடுத்தாள்? அந்த நேரம்தான் கணக்கு. கிளையில் நகலில் சீல் வாங்கியிருக்க வேண்டும். சீல் போட முடியாது என்றால் வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கு அனுப்பி டிக்கெட் எண்ணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை (வக்கீல் சார் கோபிக்கக் கூடாது).

1930 மூலமாகப் பணம் ஏதாவது ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருந்தால் அது தானாகத் திரும்பி வராது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 503-இன் கீழ் மனு போட்டு வாங்கலாம். நிறையப் பேர் இது தெரியாமல் மாதக்கணக்கில் போன் வரும் என்று காத்திருக்கிறார்கள்.


காலாப்பட்டு_88:

படிக்க நன்றாக இருக்கிறது தலைவரே, ஆனால் நடைமுறையில் ஒரு ஐ.ஏ.எஸ். செயலர் உட்கார்ந்து 18,500 ரூபாய் கேஸை விசாரிப்பார் என்று நம்பச் சொல்கிறீர்களா? நாலு முறை சென்னைக்குப் போய்வந்தால் பஸ் சார்ஜும் சாப்பாடும் சேர்ந்து அதில் பாதி போய்விடும். பல்கலைக்கழகம் பெரிய வக்கீலை வைக்கும். சிம்மை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.


வில்லியனூர்_வக்கீல்:

நியாயமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. விதிப்படி நாலு மாதத்தில், அதிகபட்சம் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும், அப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இது வெறும் காகிதச் சட்டமும் இல்லை. 2010-இல் தூத்துக்குடிக்காரர் ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், பிஷிங்கில் (போலி மின்னஞ்சல் மோசடியில்) பணம் போய் இதே தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் மனு போட்டார். பெரிய தனியார் வங்கி, அதுவும் "பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர்தான்" என்றுதான் வாதாடியது. 12.85 லட்சம் கொடு என்று உத்தரவு வந்தது.

சிம்மை மாற்றினால் ஆதார் எண் மாறுமா? அப்பா பெயர் மாறுமா? போன விவரம் போனதுதான். இந்த வருடம் போகாத பணம் அடுத்த வருடம் போகலாம், அப்போது "கசிவே நடக்கவில்லை" என்று பல்கலைக்கழகம் சொல்லாமல் இருக்க இன்றைக்கே ஒரு காகிதம் வேண்டும். பையன் வழக்குப் போடாவிட்டாலும் நோட்டீஸாவது அனுப்பச் சொல்வது அதற்காகத்தான்.


குருசுக்குப்பம்_லண்டன்:

இங்கே இங்கிலாந்தில் 2018-இல் கிரீனிச் பல்கலைக்கழகத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம் போட்டார்கள். 2004-இல் ஒரு கருத்தரங்குக்காகத் தொடங்கிய குட்டித் தளத்தை யாரும் மூடாமலே விட்டு, அது வழியாக ஆள் நுழைந்து சுமார் 19,500 பேர் விவரம் வெளியே போனது. அந்தப் பணமும் மாணவர்களுக்குப் போகவில்லை, அரசுக்குத்தான். ஆனால் இங்கே தனியாக வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, பணம் போகாவிட்டாலும் மன உளைச்சலுக்குக்கூடக் கேட்கலாம். நம்ம ஊரில் அந்த வழியைப் புதுச் சட்டம் அடைக்கப் போகிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். வருத்தமாக இருக்கிறது.


முதுநகர்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. போர்ட்டலின் அடியில் பார்த்தேன், வக்கீல் சார் சொன்ன மாதிரியே கம்பெனி பெயர் இருக்கிறது, படம் எடுத்துவிட்டேன். தோழி வங்கிக்கு எழுத்தில் கொடுத்தது அதே நாள் மதியம், சீல் வைத்த நகல் இருக்கிறதாம் அக்கா.

இரண்டு கேள்வி. நோட்டீஸில் என்ன கேட்பது? பணம் போனவர்கள் இப்போது நாலு பேர் தெரிகிறது, எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாமா? வக்கீல் செலவுக்கு அதில் ஒருவரால் முடியாது, எஸ்.சி. சமூகம், அப்பா இல்லை.


வில்லியனூர்_வக்கீல்:

நோட்டீஸ் பதிவாளர் பெயருக்கு, நகல் மென்பொருள் கம்பெனிக்கு. திட்டி எழுதாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். கசிவு எந்தத் தேதியில் உங்களுக்குத் தெரிந்தது? என்னுடைய எந்தெந்த விவரம் போனது? மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 2022 உத்தரவுப்படி 6 மணி நேரத்தில் அறிவித்தீர்களா? 2011 விதிப்படி உங்கள் குறைதீர் அலுவலர் யார்? இந்த நாலுக்கும் அவர்கள் எது சொன்னாலும் உங்களுக்கு லாபம். குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும், சொல்லவில்லை என்றால் அதுவும் மனுவில் ஒரு பாரா. ரிஜிஸ்டர் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதில் ஒப்புகையோடு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஐ. போட்டால் தனியார் என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள், அதனால் யு.ஜி.சி.க்குப் போடுங்கள், இந்தக் கசிவு பற்றி அங்கே என்ன தகவல் வந்தது என்று.

ஸ்கிரீன்ஷாட்டுகளோடு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்று வைக்க வேண்டும், பழைய 65பி-க்குப் பதில் வந்தது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு) குறிப்பிட வேண்டும், அதனால் போனில் எடுத்த மூலப் படத்தை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பி வாங்கியது வேண்டாம், அது சுருங்கி வேறு கோப்பாகிவிடும்.

நாலு பேரும் நோட்டீஸைச் சேர்ந்து அனுப்பலாம், அதற்கு கனம் அதிகம். மனு மட்டும் தனித்தனியாகப் போடுங்கள், ஒவ்வொருவர் இழப்பும் வேறு, பேங்க் வேறு, ஒருவர் மனுவில் உள்ள ஓட்டை மற்றவரையும் இழுத்துவிடக் கூடாது. ஒரே நாளில் போட்டு ஒன்றாக விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்டணம் கேட்கும் தொகையைப் பொறுத்து ஏறும், அதனால் 18,500 போனவர் ஆசைப்பட்டு 10 லட்சம் கேட்க வேண்டாம். போன பணம், அலைச்சல், உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, அவ்வளவுதான்.

எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், 1987 சட்டத்தில் 12-ஆவது பிரிவு. கடலூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே விசாரியுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் தோழியும் அதே பிரிவில் வருவார், அவருக்கும் சொல்லுங்கள்.